ரஸ் நிக்கல்சனின் மைக்கோடு: அதில் கற்க என்ன இருக்கிறது, மலைப்பக்கம் அதை எப்படி வரைவது?

■ குன்னூர்க்கோடு | குன்னூர்

நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து ரசிகர்கள் பகிரும் டன்ஜன் (நிலவறைச் சாகச ஆட்ட) சித்திரங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே கையின் சாயல் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஒட்டிய கன்னம், நரம்பு புடைத்த கழுத்து, வரிசை தப்பிய பற்கள், விரலளவு இடம்கூட வெறுமையாக விடாத கல்சுவர். வரைந்தவர்களில் பலர் பெயரைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் மூலம் பிரிட்டிஷ் ஓவியர் ரஸ் நிக்கல்சன். 1982-ல் பஃபின் வெளியிட்ட 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' புத்தகத்தின் உள்சித்திரங்கள் அவருடையவை. வாசகரே பகடை உருட்டி முடிவெடுத்து ஆடுகிற 'ஃபைட்டிங் ஃபேன்டஸி' வரிசையின் முதல் புத்தகம் அது. அடுத்த ஆண்டு வந்த 'தி சிட்டடல் ஆஃப் கேயாஸ்', 1990-களில் வந்த 'ஃபேபிள்டு லேண்ட்ஸ்' வரிசை ஆகியவற்றிலும் அவர் கைதான். 2023 மே மாதம் காலமானார்.

அவர் மறைந்த பிறகு 'அஞ்சலி' என்ற தலைப்பில் வருகிற சித்திரங்கள் கூடியிருக்கின்றன. அதில் ஒரு குறையும் கண்ணில் படுகிறது. எல்லாரும் முகங்களை எடுத்துக்கொள்கிறார்கள், கோட்டை எடுத்துக்கொள்வதில்லை. ஓர்க் என்ற அரக்கனின் மூக்கும் பல்லும் அப்படியே வந்துவிடுகின்றன. பின்சுவரும் தோலும் இரும்பும் ஒரே மாதிரி கீறலாக இருப்பதால் உருவம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நிக்கல்சனிடம் அது நடக்காது. எவ்வளவு நெரிசலான பக்கமாக இருந்தாலும் எது முன்னால், எது பின்னால் என்பதில் கண்ணுக்குக் குழப்பமே வராது.

அவரிடம் கற்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். வரைகிறவர்கள், அச்சு தெரிந்தவர்கள், மைவேலை தெரிந்தவர்கள் எல்லாரும் விவரமாக எழுதுங்கள். "அருமை", "அஞ்சலி" பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

■ பகடை_பன்னிரண்டு | ஊட்டி

நல்ல தொடக்கம் சார். கோட்டுக்குப் போவதற்கு முன் அந்தச் சித்திரங்கள் எந்த வேலைக்காக வரையப்பட்டவை என்பதைப் பார்த்துவிடலாம். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

வார்லாக் புத்தகத்தை எழுதியவர்கள் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும். 1975-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் இருவர். புத்தகம் 400 எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும், வாசகரை "நீ" என்று அழைத்தே கதை நகரும். திறமைக்கு ஒரு பகடை உருட்டி 6 கூட்ட வேண்டும், உடல்வலுவுக்கு இரண்டு பகடை உருட்டி 12, அதிர்ஷ்டத்துக்கு ஒரு பகடையும் 6-ம். இரண்டு பகடையும் ஒரு பென்சிலும் இருந்தால் ஆட்டம் நடக்கும். பக்கத்திலே ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் உட்கார்ந்து இடத்தை விவரிக்க மாட்டார். அந்த வேலையைச் சித்திரம்தான் செய்தாக வேண்டும்.

அதனால் பார்வைக்கோணம் எப்போதும் கதவைத் திறந்து உள்ளே வந்தவனின் கண்மட்டம். அறையில் இருப்பவன் தலை நிமிர்ந்து நேராக நம்மைப் பார்ப்பான். மேசையில் என்ன கிடக்கிறது, சுவரில் என்ன தொங்குகிறது, கையில் இருப்பது கத்தியா கோப்பையா என்று வாசகர் தேடித் தேடிப் பார்ப்பார், அடுத்த முடிவை எடுப்பதற்காக. நிக்கல்சன் பக்கத்தை நிரப்பியது அலங்காரத்துக்காக இல்லை. நின்று பார்க்கிற வாசகர் கிடைத்திருந்தார், அவருக்குப் பார்க்கக் கொடுத்தார்.

ஒரு பதிப்பு விவரமும் இதோடு சேரும். 2002-ல் விசார்ட் புக்ஸ் மறுபதிப்பு போட்டபோது அட்டையை மாற்றினார்கள், உள்சித்திரம் நிக்கல்சனுடையதாகவே இருந்தது. 2017-ல் ஸ்கோலாஸ்டிக் பதிப்பில் உள்சித்திரங்களையும் புதிதாக வரைய வைத்தார்கள். அதைப் பழைய வாசகர்கள் ஏற்கவில்லை. 2022-ல் வரிசையின் 40-ஆம் ஆண்டை ஒட்டி வந்த 'சீக்ரெட்ஸ் ஆஃப் சாலமோனிஸ்' புத்தகத்துக்கு டாசியோ பெட்டின் வரைந்தார். மறுபடியும் அடர்த்தியான மைக்கோடு, மறுபடியும் கண்மட்டக் கோணம். 40 ஆண்டு கழித்தும் ஒரு வரிசைக்கு 'சொந்த முகம்' என்று எதை நினைக்கிறார்கள் என்பது அதிலே தெரிந்துவிடுகிறது.

■ சோலைவாசி | கோத்தகிரி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சின்ன வயதில் கையில் கிடைத்த புத்தகம் என்பதால் வருகிற பிடிப்பை நாம் 'பாதிப்பு' என்று பெரிதாக்குகிறோமோ? வாடகை நூலகத்தில் அந்த இடத்தில் அதே வரிசையில் இயன் மெக்கேக் வரைந்த 'சிட்டி ஆஃப் தீவ்ஸ்' முதலில் கிடைத்திருந்தால் இந்த இழை அவர் பெயரில் இருந்திருக்கும். மெக்கேக் உடற்கூறில் நிக்கல்சனைவிடச் சுத்தமானவர் என்பது என் கருத்து.

■ கொடை_நிழல் | கொடைக்கானல்

சோலைவாசி கேட்டது நியாயமான கேள்வி. மெக்கேக்கின் உடற்கூறு சுத்தம், சரி. ஆனால் பாதிப்பு என்பது யார் நன்றாக வரைந்தார் என்பதைப் பற்றியது அல்ல. அடுத்து வந்தவர்களின் கையில் எது தங்கியது என்பதைப் பற்றியது. புத்தகத்தையே பார்க்காதவர்களிடமும் அது தங்கியிருந்தால் ஏக்கம் என்று சொல்லித் தள்ள முடியாது.

கித்யாங்கியை எடுங்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்காகச் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் உருவாக்கிய கற்பனை இனம். ஒயிட் டுவார்ஃப் இதழிலிருந்து 1981-ல் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்ற அரக்கர் தொகுப்புக்குள் வந்தது. அதில் கித்யாங்கியை வரைந்தவர் நிக்கல்சன். வற்றிய முகம், குழிவிழுந்த கண், உடம்பின் மெலிவுக்குப் பொருந்தாத அளவு வேலைப்பாடு செய்த கவசம். 2023-ல் 'பால்டர்ஸ் கேட் 3' கணினி ஆட்டம் ஆடியவர்கள் அதில் வரும் கித்யாங்கி லேசெலைப் பார்த்தபோது அந்த மெலிவையும் அந்தக் கவச வேலைப்பாட்டையும்தான் பார்த்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு 1981 புத்தகம் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொருவரையும் பக்கத்தில் வைத்தால் நிக்கல்சன் தெளிவாகத் தெரிவார். டேவிட் டிராம்பியர். அதே ஆட்டத்தின் 1977 'மான்ஸ்டர் மேனுவல்' சித்திரங்களில் ஒரு பங்கு அவருடையது. 1978-ன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அட்டையும் அவருடையது, பூதச் சிலையின் கண்ணிலிருந்து ரத்தினத்தைப் பெயர்த்தெடுக்கிற காட்சி. டிராம்பியர் முழுக்கறுப்பை வைத்துப் பேசுகிறவர். பெரிய கறுப்பு, பெரிய வெள்ளை, நடுவே கொஞ்சம் கோடு. மரக்கட்டை அச்சு பார்க்கிற உணர்வு. நிக்கல்சனிடம் நடுத்தொனிதான் அரசன், அதாவது கோடுகள் சேர்ந்து தருகிற சாம்பல். முழுக்கறுப்பு ஒதுக்குப்புறத்தில், கதவிடுக்கில், அக்குளில், வாய்க்குள் மட்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் யாரைப் பின்பற்றி எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவு செய்யலாம். டிராம்பியர் வழிக்குத் தூரிகை வேண்டும், நிக்கல்சன் வழிக்கு நிப்பு (மையில் தொட்டு வரைகிற எஃகு முனை) வேண்டும்.

நமக்கு இதில் கூடுதல் அனுகூலமும் உண்டு. தமிழ் வாசகரின் கண் கறுப்பு வெள்ளைக்குப் பழகிய கண். 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியபோது சிவகாசி அச்சில் நாம் பார்த்தது ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் மைவேலை. விகடனில் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் வரைந்த சிற்பச் சித்திரங்களில் கல்லின் பொரிவைக் கோட்டால் மட்டும் காட்டியிருப்பார். நிக்கல்சனின் கல்சுவர் எப்படிக் கல்லாக நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் சில்பியின் ஒரு தூணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் கல்லில் நீளக்கோடு போடுவதில்லை.

■ குன்னூர்க்கோடு | குன்னூர்

கொடை_நிழல் சொன்ன "கல்லில் நீளக்கோடு கிடையாது" என்பதைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அதுதான் விஷயத்தின் உள்பக்கம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோட்டு மொழி. கல்லுக்குப் புள்ளியும் ஒடிந்த சிறுகோடும். மரத்துக்கு நார் ஓடுகிற திசையில் நீளக்கோடு, கணு வருகிற இடத்தில் கோடு பிரிந்து சுற்றிப்போய்ச் சேரும். தோலுக்கு உடம்பின் வளைவைக் குறுக்காகத் தழுவுகிற சிறு வளைகோடு. துணிக்கு மடிப்பிலிருந்து விசிறி விரிகிற கோடு. இரும்புக்குக் கறுப்பும் வெள்ளையும் இடையில் தொனியே இல்லாமல் மோத வேண்டும். இதில் எந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மொழியில் வந்தாலும் அந்த இடத்தில் சித்திரம் செத்துவிடும்.

வேலை வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் தீப்பெட்டி அளவில் மூன்று தொனியில் சின்ன மாதிரி: கறுப்பு, நடு, வெள்ளை. அந்த அளவிலேயே உருவம் பிரிந்து தெரியாவிட்டால் பெரிதாக வரைந்தாலும் தெரியாது. அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். பிறகு வரையும் அளவு. பழைய பஃபின் பக்கம் சுமார் 11 × 18 செ.மீ. ஓரம் போக 9 × 15 செ.மீ. சித்திரம் என்று வையுங்கள். ஒன்றரை மடங்கில், அதாவது 13.5 × 22.5 செ.மீ.-ல் வரைந்தால் ஏ4 தாளில் அடங்கும். சிறிதாக்கும்போது 0.25 மி.மீ. கோடு சுமார் 0.17 ஆகும், 0.20 கோடு 0.13 ஆகும். அச்சில் 0.1-க்குக் கீழே போனால் கோடு விட்டு விட்டு வரும். அதனால் மிக மெல்லிய பேனாவை எடுத்து இரண்டு மடங்கில் வரைவது வீண் உழைப்பு.

கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி, கோட்டின் கனத்தைப் போல இரண்டு பங்காவது இருக்கட்டும். மலிவுத் தாளில் மை பரவும், இடைவெளி குறுகினால் அடைத்துக்கொண்டு அழுக்குச் சாம்பலாகும்.

குறுக்குக்கோட்டில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். முதல் அடுக்கு வடிவத்தின் வளைவை ஒட்டிப் போக வேண்டும். இரண்டாவது அடுக்கு அதற்கு 20 முதல் 30 டிகிரி சாய்வு. இரண்டையும் 90 டிகிரியில் வெட்டினால் பாய் முடைந்தது போலத் தட்டையாகிவிடும். மூன்றாவது அடுக்கு ஆழமான நிழலுக்கு மட்டும். நான்காவது தேவைப்படுகிறது என்று தோன்றினால் அந்த இடம் முழுக்கறுப்பாக இருந்திருக்க வேண்டியது என்று பொருள்.

உருவத்தைச் சுவரிலிருந்து பிரிக்கிற வெள்ளை விளிம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னணிக் கோடுகள் உருவத்தின் புறக்கோட்டைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் முன்பே நிற்கும். நெரிசலான பக்கத்தைக் காப்பாற்றுவது இந்த ஒரு மில்லிமீட்டர்தான். இது கடைசியில் வெள்ளை மை தடவிச் செய்கிற வேலை இல்லை. பென்சில் நிலையிலேயே உருவத்தைச் சுற்றி இரண்டாவது புறக்கோடு போட்டு, 'இதற்குள் மை கிடையாது' என்று ஒதுக்கிவிட வேண்டும். விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் வருகிற பக்கம் விளிம்பே வேண்டாம், நிழல் பக்கம் மட்டும். கால் தரையைத் தொடும் இடத்தில் கட்டாயம் மூடிவிடுங்கள், இல்லையென்றால் உருவம் மிதக்கும்.

உருவம் முதலில், பின்னணி கடைசியில். பலர் சுவரிலிருந்து தொடங்கி, உருவத்துக்கு வரும்போது இருட்டுக்கு இடமில்லாமல் திணறுகிறார்கள்.

■ தேயிலைத்தூள் | கூடலூர்

அண்ணே, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. ஒரு சந்தேகம். ஜூன் தொடங்கிட்டா எந்தத் தாளில் போட்டாலும் கோட்டு ஓரம் பிசிறடிக்குது. அதே மை, அதே நிப்பு, பிப்ரவரியில் சுத்தமா வருது. தாளை மாத்தணுமா, மையை மாத்தணுமா? அப்புறம் அழிப்பான் போட்டா கறுப்பு சாம்பலாகுது. அதுக்கும் வழி சொல்லுங்க.

■ மைப்புட்டி | கோத்தகிரி

தம்பி, இரண்டையும் மாற்றுவதற்கு முன் தாள் இருக்கிற இடத்தை மாற்றுங்கள். கூடலூரில் தென்மேற்குப் பருவம் முழுக்க ஈரக்காற்று. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே கதை. தாளின் நார் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து உப்புகிறது. தாளின் மேல் இருக்கிற பசைப்பூச்சு தொடர்ந்து ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை அதைத் தின்றுவிடும். பசை போன இடத்தில் மை நார் வழியாக ஓடும். அதுதான் நீங்கள் பார்க்கிற பிசிறு. ஒருமுறை பசை போன தாளை வெயிலில் காயவைத்தாலும் மைவேலைக்குத் திரும்பாது. பென்சில் மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத்தாளைக் காப்பாற்ற: கனமான ஜிப் கவரில் 10 ஏ4 தாளுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். ஆரஞ்சு நிற மணி வாங்குங்கள், ஈரம் ஏறினால் பச்சையாகும். நீல மணியில் கோபால்ட் குளோரைடு சேர்ந்திருக்கும், அதை வீட்டு அவனில் வைக்கவே கூடாது. ஆரஞ்சு மணியை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். அந்துருண்டை பூச்சியைத் தடுக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. அது போட்டால் போதும் என்று நம்பி அலமாரி முழுக்கத் தாளை இழந்தவர்கள் இந்த மலையில் ஏராளம்.

அலமாரியே வேண்டுமென்றால் பழைய 40 வாட் குண்டு பல்பை அடித்தட்டில் எரியவிடுங்கள். எல்இடி பல்பு சூடாகாது, பயனில்லை. தாளுக்கும் பல்புக்கும் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள், அலமாரிக் கதவில் விரல் நுழைகிற அளவு காற்றுவழி இருக்கட்டும். சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று உள்ளே வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் கவலையில்லை.

தாள் வகை: வழவழப்பான பிரிஸ்டல் அல்லது 250 ஜிஎஸ்எம்-க்கு மேற்பட்ட ஐவரி ஷீட். சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் நிப்பின் முனையில் நாரைச் சேர்க்கும். நார் ஒட்டிய நிப்பு கோட்டை இழுக்காது, தடவும்.

நிப்பு: கில்லட் 303, ஹன்ட் 102 இரண்டும் மெல்லிய வளைகோட்டுக்கு நல்லவை. புதிதாகக் கை வைப்பவருக்கு நிக்கோ ஜி பாதுகாப்பானது, கொஞ்சம் அழுத்தினாலும் கால் விரிந்துவிடாது. புதிய நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்காமல் தொட்டால் மை உருண்டு சொட்டாக விழும். தீயில் காட்டுகிற பழக்கம் வேண்டாம், எஃகின் முறுக்குப் போய்விடும். மைக்குள் நிப்பின் நடுத்துளையில் பாதிவரை மட்டும் முக்குங்கள். கோடு திடீரென்று இரட்டைக் கோடாகப் பிரிந்தால் மை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அழுத்தாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நூல் உதிராத துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இந்த ஈரத்தில் ஒரே ராத்திரியில் துரு ஏறும்.

மை: கேமல் வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க் போதும். வெளிநாட்டு மை தேடி அலைய வேண்டாம். கெட்டியானால் ஆறவைத்த கொதிநீர் இரண்டு சொட்டு. இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், உள்ளே இறுகி அடைத்துவிடும். மாறாக ஃபவுண்டன் பேனா மையில் சித்திரம் போட்டால் அது சாயம், வெளிச்சத்தில் வெளுக்கும்.

அழிப்பான் பிரச்சினை: 10 டிகிரி குளிரில் மையின் மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரியும், அடியில் ஈரம் இருக்கும். அழிக்கும்போது மேல் படலம் உரிந்து சாம்பலாகிறது. ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். ஹீட்டர் முன்னால் பிடித்தால் தாள் வளையும். அதைவிட நல்ல வழி, மை போடுவதற்கு முன்பே பிசைகிற அழிப்பானால் பென்சிலைத் தட்டித் தட்டி வெளுத்துவிடுவது. பிறகு தேய்க்கவே வேண்டியிருக்காது.

நிப்பு ஒத்துவரவில்லையென்றால் மைக்ரான் பேனா தப்பில்லை. 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25, 03 என்பது 0.35. ஆனால் அதில் ஒரே கோட்டுக்குள் கனம் ஏறி இறங்காது. நிக்கல்சனின் தோலும் தலைமுடியும் உயிராக இருப்பது கோடு கனத்துத் தொடங்கி ஊசியாக முடிவதால். மைக்ரானில் அதை ஈடுகட்ட வெளிச்சப் பக்கம் 005, நிழல் பக்கம் 03 என்று மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும்.

■ சோலைவாசி | கோத்தகிரி

ஏக்கம் பற்றி நான் கேட்டதற்குக் கொடை_நிழல் சொன்ன பதிலை ஏற்கிறேன். கித்யாங்கி நல்ல சாட்சி.

இப்போது என் பங்குக்கு. நிக்கல்சனின் மொழியைப் பயில இங்கிலாந்துக் கோட்டையை ஏன் தேட வேண்டும்? நம் சோலை மரங்கள் அந்தக் கோட்டுக்காகவே வளர்ந்த மாதிரி நிற்கின்றன. லாங்வுட் சோலையின் ஓரத்திலோ, வட்டக்கானல் பக்கமோ ஒரு மரத்தைப் பாருங்கள். காற்றுக்குக் குட்டையாகி முறுக்கிய தண்டு, அதன் மேல் பாசி, பாசிக்கு மேல் தாடியாகத் தொங்குகிற மரப்பாசி. ஒரே தண்டில் மூன்று மொழி. பட்டைக்கு ஒடிந்த நீளக்கோடு, பாசிக்குக் கொத்துக் கொத்தாகப் புள்ளி, தொங்கலுக்கு மேலிருந்து கீழே இழுத்துவிட்ட ஊசிக்கோடு. 10 × 15 செ.மீ. கட்டம் போட்டு ஒரு கிளைக்கவட்டை மட்டும் வரையுங்கள். முழுமரத்துக்குப் போக வேண்டாம். மூடுபனி இருக்கிற நாளில் போனால் இன்னும் நல்லது. பனி பின்னால் இருக்கிற மரங்களை எல்லாம் வெளுத்துவிடும், குன்னூர்க்கோடு சொன்ன வெள்ளை விளிம்பு கண்முன்னே தானாகத் தெரியும். யூகலிப்டஸ், பைன் தோட்டங்களை விட்டுவிடுங்கள், நேராக வளர்ந்த மரத்தில் கற்க அதிகமில்லை.

கல்லுக்குப் பழனி மலையில் தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கத்துக் கல்திட்டைகள். மூன்று பக்கம் நிறுத்திய பலகைக்கல், மேலே மூடுகல். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து உள்ளே நுழைவதால் தொனிப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அவற்றின் மேல் ஏறாதீர்கள், சாக்பீஸ் தடவி எழுத்துத் தேடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். தோடர் கோயிலின் வளைகூரையை எடுத்து 'பூசாரி அரக்கனின் குகை' என்று போட்ட சித்திரங்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்றும் வழிபாடு நடக்கிற இடம். கூரையின் மூங்கில், பிரம்பு, புல் வேலையைக் கைவினையாகப் படிக்கலாம், தவறில்லை. ஆனால் எதிரியின் வீடாக வைக்கக்கூடாது.

■ கொடை_நிழல் | கொடைக்கானல்

கடைசிப் பத்திக்கு என் முழு ஆதரவு. ஆலு குறும்பர் ஓவியத்துக்கும் அதே அளவுகோல். வேங்கை மரப் பால் எடுத்துத் தீட்டுகிற அந்த மரபுக்கு உயிரோடிருக்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். உருவங்களை எடுத்து அரக்கர் படையாக்குவதைவிட அவர்களிடம் ஓவியம் வாங்குவது மரியாதை.

■ பகடை_பன்னிரண்டு | ஊட்டி

ரசிகர் இதழ் போடுகிறவர்களுக்காக உரிமை பற்றியும் அச்சு பற்றியும்.

பார்த்து வரைகிற பயிற்சிப் பிரதியை நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், விற்கும் இதழில் போடாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை படைத்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு. நிக்கல்சன் மறைந்தது 2023. அப்படியானால் இங்கே 2083 முடியும்வரை, அங்கே 2093 முடியும்வரை. கோட்டு முறை யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பிட்ட சித்திரத்தின் அமைப்பும் உருவமும் சொந்தம். 'நிக்கல்சன் பாணி' என்று மென்பொருளிடம் கேட்டு வாங்குகிற படங்களையும் இதழில் சேர்க்க வேண்டாம் என்பது என் நிலை. அவற்றில் நிழல்கோடு தோளில் ஒரு திசையில் தொடங்கி முழங்கையில் காரணமில்லாமல் திரும்பும். இந்த இழையில் பேசுகிற ஒழுங்கு அதில் கிடையாது.

அச்சு: 16 பக்க ஏ5 இதழுக்கு 4 ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் இரண்டு பின். 70 ஜிஎஸ்எம் தாளில் கறுப்பு பின்பக்கம் தெரியும், 90 எடுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ சாம்பல் நிலையில் எடுத்து, கணினியில் 1200-க்கு ஏற்றிய பிறகு கறுப்பு வெள்ளையாகப் பிரித்துச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், கோட்டு ஓரத்தில் கொசகொசவென்று புள்ளி சேரும். டிஃப் நல்லது. பிரிப்பு அளவை முகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சுவரை வைத்து முடிவு செய்தால் முகத்தின் ஊசிக்கோடுகள் எல்லாம் காணாமல் போகும்.

■ தேயிலைத்தூள் | கூடலூர்

அக்கா, தாளை ஜிப் கவருக்கு மாத்திட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. ஜெராக்ஸ் கடையில் முழுக்கறுப்பு திட்டுத் திட்டா வருது, நடுவில் வெளுத்துப் போகுது. அப்புறம், பழைய பஃபின் புத்தகத்திலிருந்து பக்கத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிசாக்கிப் படிக்கலாம்னா முதுகு விரிசல் விடுது. என்ன பண்றது?

■ மைப்புட்டி | கோத்தகிரி

ஜெராக்ஸ் மெஷின் பெரிய கறுப்புப் பரப்பைச் சீராக நிரப்பாது. கடைக்காரரிடம் 'டெக்ஸ்ட்' நிலையில் வைக்கச் சொல்லுங்கள், 'போட்டோ' நிலை கோட்டையெல்லாம் புள்ளியாக உடைத்துவிடும். அப்படியும் திட்டு வந்தால் கோப்பைக் கொண்டுபோய் லேசர் பிரின்டரில் நேராக எடுங்கள். சித்திரத்திலேயே தீர்க்க வேண்டுமானால், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய முழுக்கறுப்புக்குள் நாலைந்து மெல்லிய வெள்ளைக் கீறல் விடுங்கள். பிரிஸ்டலிலும் ஐவரியிலும் மை நன்றாகக் காய்ந்த பிறகு புது பிளேடின் மூலையால் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய இடத்தில் மறுபடி மை போடாதீர்கள், பிசிறும். கடையில் கட்டு பிரித்து வைத்த தாள் ஈரம் குடித்திருந்தால் டோனர் சரியாக ஒட்டாது, தாள் சுருளும், மெஷின் சிக்கும். பிரிக்காத கட்டு ஒன்றை நீங்களே கொண்டுபோவது நல்லது.

புத்தகத்தைக் கவிழ்த்து ஸ்கேனரில் அழுத்தாதீர்கள். அந்தப் புத்தகங்கள் தையல் போடாதவை, முதுகில் பசை மட்டும். 40 ஆண்டுப் பசை இறுகிப் போயிருக்கும், குளிரில் இன்னும் நொறுங்கும். காலையில் திறக்காமல் மதியம் அறை சூடேறிய பிறகு திறங்கள். 90 டிகிரிக்குமேல் விரிக்காமல், ஒரு அட்டையைத் தலையணையில் சாய்த்து நிறுத்தி, மேலிருந்து கேமராவில் எடுங்கள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். பழுப்பேறிய தாளின் மஞ்சளை நீக்க நீலச் சேனலை விட்டுவிட்டுச் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மஞ்சள் காணாமல் போய் மை மட்டும் நிற்கும். ஏற்கெனவே விரிசல் விட்ட முதுகுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் பிசினாக வழிந்து பக்கத்தோடு உரியும். கோதுமை மாவுப் பசை மெல்லியதாகக் காய்ச்சி, துளி மயில்துத்தம் சேர்த்து, மெல்லிய தாள் பட்டையால் உள்முதுகில் ஒட்டி ஒரு நாள் கனம் வைத்துவிடுங்கள். துத்தம் சேர்க்காத மாவுப் பசையைக் கூடலூரில் பூஞ்சையும் கரப்பானும் விட்டுவைக்காது. அது நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலறைக்குத் திரும்ப எடுத்துப் போகாதீர்கள்.